தண்ணீர் கேட்காத வண்டி

மச்சான்,

உங்கள் வண்டி இன்று காலையும் ஒழுகியிருக்கிறது.

ஷெட்டுக் கதவைத் தள்ளியதும் அந்த வாடை முகத்தில் அடித்தது. ஆறிப்போன எஞ்சின் எண்ணெயும் பழைய பெட்ரோலும் வெயிலில் காய்ந்த ரப்பரும் கலந்த வாடை. கண்ணை மூடிக்கொண்டு நின்றால் நீங்கள் பக்கத்தில் நிற்பதாகவே தோன்றும். குனிந்து அடியில் வைத்திருந்த தாம்பாளத்தைப் பார்த்தேன். நேற்றுத்தான் துடைத்து வைத்தேன், அதற்குள் கறுப்பாக ஒரு வட்டம். அது என் கல்யாணத்துக்கு வந்த சீர்த் தாம்பாளம். "அகலமா இருக்கு மாப்ள, இதுதான் தோது" என்று நீங்கள்தான் அடுக்களையிலிருந்து எடுத்துக்கொண்டு போனீர்கள். நல்ல நாள் பெரிய நாள் வந்தால் என் மனைவி இன்றும் அதைக் கேட்கிறாள். நான் காது கேட்காத மாதிரி இருந்துவிடுகிறேன்.

போய்ச் சேர்ந்தவர்களுக்கு எழுதுகிறவர்கள் நல்லதாக நாலு வார்த்தை எழுதுவார்கள். கயலுடைய கல்யாணத்தைப் பற்றி உங்களுக்கு ஒரு கடிதம் எழுதிவிட வேண்டும் என்றுதான் நானும் உட்கார்ந்தேன். உட்கார்ந்தால் முதலில் கோபம்தான் வருகிறது. உங்கள் மகள் கல்யாணத்தில் வந்த ஒரே சிக்கல் உங்கள் வண்டியால் வந்ததுதானே. அதனால் முதலிலிருந்தே வருகிறேன். குறுக்கே பேச மாட்டீர்கள் என்பது ஒன்றுதான் இதில் எனக்குள்ள வசதி.

கொடைக்கானலில் ஒரு பழைய பங்களாவுக்கு மோட்டார் மாட்டப் போனீர்கள். மாட்டிவிட்டுத் திரும்பி வந்திருக்கலாம். மறுநாள் காலையில் என் மருந்துக்கடைக்கு போன் வருகிறது. "மாப்ள, நம்ம பைப் லாரிய எடுத்துக்கிட்டு மேல வா. ஒரு சாமான் எறக்கணும்." பழைய ஜெனரேட்டர் எதையாவது பிடித்திருப்பீர்கள் என்று நினைத்து, கடையைப் பையனிடம் விட்டுவிட்டு வந்தேன். அங்கே பங்களாவின் பின்கட்டில், கோழி அடைத்திருந்த கொட்டகைக்குள், தார்ப்பாயை நீங்களே விலக்கிக் காட்டினீர்கள். தவளை உட்கார்ந்திருக்கிற மாதிரி தரையோடு தரையாக ஒரு வண்டி. இரண்டே சீட்டு. பின்னால் ஒரு பலகை, அதில் பூனை வேண்டுமானால் உட்காரலாம். மேலே துணிக் கூரை, அதிலும் பாதி எலி தின்றது. எந்தக் காலத்திலோ ஜெர்மன்காரன் செய்து, எந்தத் துரையோ கொண்டுவந்து, அவன் பேரப்பிள்ளைகளே வேண்டாம் என்று விட்டுவிட்டுப் போனதை நீங்கள் பேசி முடித்திருந்தீர்கள். முகத்தைப் பார்த்தேன். கயல் பிறந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வராந்தாவில் பார்த்த அதே முகம். அப்போதே நான் லாரியைத் திருப்பிக்கொண்டு இறங்கியிருக்க வேண்டும்.

வத்தலக்குண்டில் டீக்கு நிறுத்தியபோது பஸ் ஸ்டாண்டே லாரியைச் சுற்றிக்கொண்டது. ஒருவர் ஏறி முன்பக்க மூடியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே ஸ்டெப்னி டயர் மட்டும் கிடந்தது. அவர் என்னைப் பார்த்த பார்வையில் அத்தனை இரக்கம். "அப்பு, எஞ்சினக் கழட்டிட்டுத்தான் குடுத்திருக்கான். ஒங்க ஆள நல்லா ஏமாத்திப்புட்டாங்க" என்றார். நீங்கள் டீயைக் கீழே வைத்துவிட்டு, பின்பக்கமாகப் போய், பின் மூடியைத் திறந்தீர்கள். கூட்டம் வாயைப் பிளந்தது. டீக்கடைக்காரர் மலைக்குப் போகிற வண்டி, வருகிற வண்டி எல்லாவற்றுக்கும் செய்கிறபடி ஒரு வாளித் தண்ணீரோடு வந்து நின்றார். ரேடியேட்டர் மூடி எங்கே என்று தேடினார்.

"தண்ணி வேணாம்ணே. இதுக்கு ரேடியேட்டரே கெடையாது. காத்துலயே ஆறிக்கிரும்."

"எந்தக் காத்துல? நம்மூர்க் காத்துலயா? அதுவே கொதிச்சுப்போயில்ல கெடக்கு!"

எல்லாரும் சிரித்தார்கள். நீங்களும் சிரித்தீர்கள். எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. ஜில்லா முழுக்க ஆழ்குழாய்க் கிணற்றில் மோட்டார் இறக்கி, ஊருக்கெல்லாம் தண்ணீர் எடுத்துக் கொடுத்துப் பிழைத்த மனிதர், தண்ணீரே தொடாத ஒரு வண்டியைக் கொண்டுவந்து திண்டுக்கல் வெயிலில் நிறுத்தினால் அதற்கு என்ன பெயர்? வேலியில் போன ஓணானை எடுத்து வேட்டிக்குள் விட்டுக்கொண்ட கதை என்று பெயர். உங்களைக் கட்டிக்கொண்ட என் அக்கா வாசலுக்கு வந்து ஒரு தடவைதான் பார்த்தாள். "வீட்டுல மூணு பேரு. வண்டியில ரெண்டு சீட்டு" என்றாள். உள்ளே போய்விட்டாள்.

வண்டியை ஓடவைக்க நீங்கள் பட்ட பாட்டை விடுங்கள். முதல் முதலாக ஓடிய அன்று பிள்ளையார் கோயிலுக்குக் கொண்டுபோனோமே, அதைச் சொல்கிறேன். எலுமிச்சம்பழமெல்லாம் சக்கரத்துக்கடியில் வைத்தாகிவிட்டது. குருக்கள் தட்டோடு முன்னால் வந்து நின்றார். நீங்கள் வண்டியை விட்டு இறங்காமல், "சாமி, எஞ்சின் பின்னாடி இருக்கு. பிள்ளையார் பாக்க வேண்டியது அதைத்தான்" என்று சொல்லி, அந்தக் குறுகிய தெருவில் முன்னும் பின்னும் ஆட்டி ஆட்டி வண்டியைத் திருப்பினீர்கள். ஆட்டோக்காரர்கள் கத்துகிறார்கள், பள்ளிக்கூட வேன் நிற்கிறது, நான் ஒவ்வொருவரிடமும் கும்பிடு போட்டுக்கொண்டிருக்கிறேன். கடைசியில் பிள்ளையாருக்குப் பின்புறத்தைக் காட்டிக்கொண்டு நின்ற வண்டிக்குச் சந்தனம் வைத்தார்கள். குருக்கள் என்னிடம் மெதுவாக, "இவர் எப்பவுமே இப்படித்தானா?" என்று கேட்டார். என்ன சொல்வது? ஆமாம் என்றேன்.

அதற்குப் பிறகு என் ஞாயிற்றுக்கிழமைகள் உங்களுக்கு டார்ச் பிடித்தே போயின. கொஞ்சம் கை அசந்தால் வண்டிக்கடியிலிருந்து குரல் வரும். "லைட்ட ஆட்டாதய்யா மாப்ள." வால்வு இடைவெளியைச் சரிபார்க்க எஞ்சின் நன்றாக ஆறியிருக்க வேண்டும் என்பீர்கள். சித்திரையில் இந்த ஊரில் எது ஆறியிருக்கிறது? அதற்காக விடிவதற்கு முன்பே வந்து கதவைத் தட்டுவீர்கள். எண்ணெய் அளவு பார்க்க வண்டி சமதளத்தில் நிற்க வேண்டும் என்பீர்கள். சமதளம் தேடி ஊரெல்லாம் சுற்றுவோம். ஒரு ரப்பர் வளையம் வேண்டும் என்றால் கடல் தாண்டி வர வேண்டும். அது வருவதற்குள் அதைவிட முக்கியமான இன்னொன்று கெட்டிருக்கும். எஞ்சினுக்குக் காற்றடிக்கிற விசிறியைச் சுற்றுகிற பெல்ட் ஆத்தூர் அணைக்குப் போகிற வழியில் அறுந்தது ஞாபகமிருக்கிறதா? "பெல்ட் இல்லாம ஒரு அடி நகட்டக் கூடாது. வெந்துரும்" என்று சொல்லிவிட்டு நீங்கள் சாவதானமாகப் புளியமரத்தடியில் உட்கார்ந்து கொய்யாப்பழம் தின்றீர்கள். நான் லிப்ட் கேட்டுச் சித்தையன்கோட்டைக்குப் போய், ஒரு மாவு மில்காரரிடம் கெஞ்சி, அவருடைய உபரி பெல்ட்டை வாங்கிக்கொண்டு வந்தேன். கடல் கடந்து வர வேண்டிய சாமானுக்குப் பதிலாக மாவு மில் பெல்ட் கச்சிதமாகப் பொருந்தியது. "பாத்தியா, இது நம்மூர் வண்டிதான்" என்று என் முதுகில் எண்ணெய்க் கையால் தட்டினீர்கள். அந்தச் சட்டை போனது போனதுதான்.

ஆனால் இதையெல்லாம் நான் பொறுத்துக்கொள்வேன். உங்களிடம் எனக்குப் பொறுக்காதது ஒன்றே ஒன்று. யார் எதைக் கேட்டாலும் இல்லை என்று சொல்ல வராது உங்களுக்கு. "கேட்டுட்டாங்க மாப்ள. மனுசன் வாயத் தொறந்து கேட்ட பெறகு எப்படி இல்லைங்கிறது?" இப்படிச் சொல்லிச் சொல்லியே கடனுக்கு மோட்டார் மாட்டினீர்கள், கூப்பிட்ட ஊருக்கெல்லாம் பண்டிகை நாளிலும் போனீர்கள். சின்னாளபட்டியில் சுங்குடிப் புடவை வியாபாரம் பார்க்கிற உங்கள் சிநேகிதர், மகனுடைய மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த வண்டி வேண்டும் என்று கேட்டபோதும் சரி என்றீர்கள்.

மாப்பிள்ளை அழைப்பு எப்படிப் போகும் என்று தெரியாதவரா நீங்கள்? நாதஸ்வரம் ஒரு முக்குக்கு ஒரு முக்கு நின்று வாசிக்கும். பொடிசுகள் ஆடும். பெட்ரோமாக்ஸ் போய் டியூப்லைட் வந்தது தவிர வேகம் மட்டும் மாறவே இல்லை. மாமியார்கள் நடக்கிற வேகம்தான் ஊர்வலத்தின் வேகம். அந்த வண்டியோ வேகமாக ஓடினால்தான் எஞ்சின் ஆறும். நின்று நின்று உறுமினால் வேகும். இது போதாதென்று பூ அலங்காரம் செய்தவர், பின் மூடியில் காற்றுப் போகிற கம்பித் தடுப்பைப் பார்த்துவிட்டு, "ஜன்னல் மாதிரி அசிங்கமா இருந்துச்சுண்ணே, மூடிட்டேன்" என்று நிலக்கோட்டை மல்லிகையும் செவ்வந்தியுமாகப் போர்த்தி வைத்திருந்தார். எஞ்சினுக்கு மூச்சுவிட இருந்த ஒரே மூக்கு அது. நான் உங்களைப் பார்த்தேன். நீங்கள் அந்தப் பூக்காரரைப் பார்த்தீர்கள். அவர் எட்ட நின்று, தலையைச் சாய்த்து, தன் வேலையைத் தானே ரசித்துக்கொண்டிருந்தார். "ஆசையாப் பண்ணிருக்காரு மாப்ள" என்றீர்கள். ஏறி உட்கார்ந்து வண்டியை எடுத்தீர்கள்.

பாதித் தெரு தாண்டியதும் வாடை வந்தது. மல்லிகைப் பூவை எண்ணெயில் போட்டு வதக்கினால் எப்படி இருக்கும்? அந்த வாடை. ஊர்வலத்தில் வந்தவர்கள் ஏதோ புது ஊதுபத்தி என்று நினைத்துக்கொண்டார்கள். மண்டபத்து வாசலுக்குக் கொஞ்சம் முன்னால் உள்ளே ஏதோ ஒன்று கடகடவென்று அடித்துக்கொண்டு நின்றுவிட்டது. மாப்பிள்ளை இறங்கி நடந்து போனார். சிலிண்டர் தலைகள் வளைந்துபோய், பிஸ்டன் தேய்ந்து, அதைத் திரும்பச் சரிசெய்ய உங்களுக்கு வருஷங்கள் ஆயின. ஒருநாளாவது அந்தச் சிநேகிதர் மேல் வருத்தப்பட்டீர்களா? "நல்ல காரியத்துக்குத்தானே போச்சு" என்றீர்கள். எனக்கு மண்டையைக் கொண்டுபோய்ச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

வண்டி திரும்பவும் சுத்தமான சத்தத்தோடு ஓட ஆரம்பித்தது. கயலுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தீர்கள். அப்புறம் ஒரு மத்தியானம், வேடசந்தூர்ப் பக்கம் ஒரு தோட்டத்தில் மோட்டார் இறக்கிவிட்டு, தண்ணீர் மேலே வந்து கொட்டுவதைப் பார்த்துவிட்டு, "செத்த நேரம் உக்காந்துக்கிறேன்" என்று வரப்பில் உட்கார்ந்தீர்களாம். எழுந்திருக்கவில்லை. உங்களோடு அத்தனை வருஷம் வேலை பார்த்த சின்னச்சாமிதான் உங்களை வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

காரியமெல்லாம் முடிந்த பிறகு அக்கா என்னைக் கூப்பிட்டு, "அத ஒன் வீட்டுக்குக் கொண்டுபோயிரு. என் கண்ணுல படவேணாம்" என்றாள். அப்படித்தான் அது என் தலையில் வந்து விழுந்தது. விற்றுவிடலாம் என்றுதான் இருந்தேன். கயல் வந்து நின்றாள். "மாமா, என் கல்யாணம் வரைக்கும் ஓட்டத்துல வச்சிருங்க. அன்னைக்கு அப்பாவோடதுன்னு வேற ஒண்ணும் இருக்காது. தாலி கட்டி முடிச்சதும் நான் அந்த வண்டியிலதான் மாமியார் வீட்டுக்குப் போகணும். நானே ஓட்டிக்கிட்டுப் போவேன்." தகப்பன் மாதிரி மகள். கேட்டுவிட்டாள். நான் என்ன சொல்ல முடியும்? அன்றிலிருந்து மாத்திரை எடுத்துக் கொடுக்கிற கையால் வால்வு இடைவெளி பார்க்கிறேன். எனக்கு டார்ச் பிடிக்க ஆள் இல்லை. வாயில் கவ்விக்கொள்கிறேன்.

மாப்பிள்ளை நெய்க்காரப்பட்டி. தங்கமான பையன், நல்ல குடும்பம். கல்யாணத்தை நம்மூரிலேயே வைத்துக்கொள்ளலாம் என்று அவர்களே சொன்னார்கள். பட்டு எடுத்துவிட்டு எல்லாரும் அக்கா வீட்டில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டிருந்தோம். சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

"ஏனுங்க, ஒரு சின்ன விசயமுங்க. பையனோட அழைப்புக்கு உங்ககிட்ட இருக்குற அந்தத் தொறந்த வண்டி வேணுமுங்க."

மல்லிகை வதங்குகிற வாடை அந்தக் கூடத்திலேயே அடிக்கிற மாதிரி இருந்தது. பொறுமையாக விளக்கினேன். மெதுவாகப் போனால் எஞ்சின் வெந்துவிடும், ஏற்கெனவே ஒரு தடவை வெந்திருக்கிறது, மறுநாள் காலையில் பெண் அதில்தான் உங்கள் வீட்டுக்கு வரப்போகிறாள் என்றெல்லாம் சொன்னேன்.

"மெதுவாப் போனா எந்த வண்டிங்க கெடும்? வேகமாப் போனாத்தானுங்க கெடும்?"

இதற்கு என்ன பதில் சொல்வீர்கள், மச்சான்? சாவியைக் கொடுத்திருப்பீர்கள். நான் நிமிர்ந்து உட்கார்ந்து, "மன்னிக்கணும். தர முடியாதுங்க" என்றேன்.

சம்பந்தி தம்ளரைக் கீழே வைத்தார். "ஊர்ல எல்லாத்துகிட்டயும் சொல்லிட்டனுங்க" என்றார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டே, "பொண்ணோட அப்பா இருந்திருந்தா இப்படிச் சொல்லியிருப்பாருங்களா?" என்று கேட்டார். மனதில் கெட்ட எண்ணம் வைத்துக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்கு முகம் எரிந்தது. கயல் உள்கதவில் சாய்ந்து நின்றாள். கொடுத்தால் மறுநாள் அவளுக்கு வண்டி இல்லை. கொடுக்காவிட்டால் போகிற வீட்டில் முதல் நாளே மனத்தாங்கல். இரண்டில் எது வந்தாலும் அனுபவிக்கப்போகிறவள் அவள். அந்த நிமிஷத்தில் நீங்கள் முன்னால் வந்திருந்தால், செத்தவர் என்றுகூடப் பார்க்காமல் சட்டையைப் பிடித்திருப்பேன்.

அடுக்களைக்குள்ளிருந்து அக்கா குரல் கேட்டது. வெளியே வரவில்லை. பாத்திரம் கழுவிக்கொண்டே பேசினாள்.

"டேய் தம்பி. எஞ்சின் ஓடுனாத்தானே வேகும்?"

"ஆமாக்கா."

"அப்ப எதுக்கு ஓட்டுற? அணைச்சுப் போட்டுட்டு நாலு பேரு தள்ளுங்க."

சம்பந்திக்கு அது பிடிக்கவில்லை. "தள்ளிக்கிட்டு வந்தா ரிப்பேர் வண்டின்னு சனம் சிரிக்காதுங்களா?" என்றார்.

அக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாசற்படிக்கு வந்தாள். "சாமி தேர்ல வருது. தேருக்கு எஞ்சினா இருக்கு? வடம் புடிச்சுத்தானே இழுக்குறோம். யாரு சிரிச்சா?"

சம்பந்தி ஒரு கணம் அக்காவைப் பார்த்தார். பிறகு தொடையில் தட்டிக்கொண்டு, "அதும் சரிதானுங்க! நெய்க்காரப்பட்டியில எவனுக்குங்க இது வாச்சிருக்குது? மொத வடம் நாந்தான் புடிப்பேன்" என்றார். தம்ளரை எடுத்து மிச்சக் காபியைக் குடித்தார்.

மச்சான், எனக்கு வந்த ஆத்திரத்தை எப்படிச் சொல்ல? சின்னாளபட்டியில் அன்றைக்கு நாலு பேர் தள்ளியிருந்தால் முடிந்திருக்கும்! நீங்களும் நானும் அத்தனை ஞாயிற்றுக்கிழமை அந்த எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தோமே. வெளிநாட்டுக்காரன் புத்தகத்தையெல்லாம் வரவழைத்துப் புரட்டினோமே. ஒரே ஒரு தடவை அடுக்களைப் பக்கம் போய் அக்காவிடம் ஒரு வார்த்தை கேட்டோமா? உங்களுக்குத்தான் தோன்றவில்லை, எனக்காவது தோன்றியிருக்கக் கூடாதா?

அழைப்பு அன்று சாயங்காலம் சின்னச்சாமியும் உங்கள் பம்ப்செட் கடை ஆட்களும் கிணற்றில் மோட்டார் இறக்குகிற கயிற்றைச் சோப்புப் போட்டு அலசி, மஞ்சள் பூசிக் கொண்டுவந்தார்கள். பூ அலங்காரம் செய்ய வந்தவர் பின் மூடியைப் பார்த்துவிட்டு, "இத மூடலாமாண்ணே?" என்று தயங்கினார். "நல்லா மூடுப்பா, ஒரு ஓட்டை தெரியக் கூடாது" என்றேன். இதைச் சொல்வேன் என்று நான் கனவிலும் நினைத்ததில்லை. ஸ்டீயரிங்கைப் பிடிக்க நான். பக்கத்து சீட்டில் மாலையும் கழுத்துமாக மாப்பிள்ளை. முன்னால் இரண்டு வடம். ஒன்றில் சம்பந்தி வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு முதல் ஆளாக. இன்னொன்றில் சின்னச்சாமி. அவன் பழக்கதோஷத்தில், "எறக்கு... எறக்கு... அப்படியே எறக்கு" என்று குரல் கொடுக்க, நெய்க்காரப்பட்டிக்காரர்கள் எதை இறக்கச் சொல்கிறான் என்று தெரியாமல் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் அவர்களும் அப்படியே கத்த ஆரம்பித்துவிட்டார்கள். கடை வைத்திருந்தவர்களெல்லாம் இறங்கி வந்து வடத்தைத் தொட்டார்கள். ஒரு கிழவி காரைக் கையெடுத்துக் கும்பிட்டாள்.

மாப்பிள்ளை என் பக்கம் சாய்ந்து, "ஏனுங்க மாமா, இது நெசமாலுமே ஓடுமுங்களா?" என்று கேட்டார். பாவம், அவருக்கும் சந்தேகம் வந்துவிட்டது.

மண்டபத்துக்கு முன்னால் ஒரு வேகத்தடை. ஊரில் எல்லா வேகத்தடையையும் ஒட்டகத்துக்குப் போட்ட மாதிரி போட்டு வைத்திருக்கிறார்கள். தரையோடு கிடக்கிற நம் வண்டியின் வயிறு அதில் தட்டி நின்றது. முன்னால் இழுக்கிறார்கள், நகரவில்லை. மேளக்காரர் விடாமல் அடிக்கிறார். நான் பின்னால் யாராவது கை கொடுக்கிறார்களா என்று கண்ணாடியில் பார்த்தேன்.

அக்கா வந்துகொண்டிருந்தாள். கணவன் இல்லாதவள் என்று தானாகவே ஒதுங்கி, ஊர்வலத்துக்கு வெகுதூரம் பின்னால் தனியாக நடந்து வந்தவள் அவள். ஆரத்தி எடுக்கிற பெண்கள் எல்லாரும் முன்னால் இருந்தார்கள். பின்னால் அவளைத் தவிர யாரும் இல்லை. புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தப் பூவின் மேல் இரண்டு கையையும் ஊன்றி, ஒரு தள்ளு தள்ளினாள். அவள் அந்த வண்டியைத் தொட்டு அன்றைக்குத்தான் நான் பார்க்கிறேன். கண்ணாடியில் அவள் உதடு அசைந்துகொண்டே இருந்தது. மேளச் சத்தத்தில் எனக்கு ஒன்றும் கேட்கவில்லை. சாமி பெயரைச் சொல்கிறாள் என்று நினைத்தேன். வண்டி ஏறி இறங்கியது. மண்டபத்து மாடி ஜன்னலில் கயல் நின்று கைதட்டினாள். மணப்பெண் எட்டிப் பார்க்கக் கூடாது என்று யாரோ அவளை உள்ளே இழுத்தார்கள்.

மறுநாள் விடிவதற்குள் சின்னச்சாமியும் நானும் என் கடை இடுக்கியால் கம்பிச் சந்துகளில் சிக்கியிருந்த பூவிதழ்களை ஒவ்வொன்றாக எடுத்தோம். தாலி கட்டி, சாப்பிட்டு முடித்து, கயல் கூரைப்புடவையோடு வந்து உட்கார்ந்தாள். முதல் தடவை எஞ்சின் பிடிக்கவில்லை. இரண்டாம் தடவை பிடித்துக்கொண்டது. ராகுகாலம் வரப்போகிறது, கிளம்பும்மா என்று எல்லாரும் பறக்கிறார்கள். "செத்த நேரம் பொறுங்க மாமா, எண்ணெய் சூடாகட்டும்" என்று சம்பந்தியைப் பார்த்துச் சொல்லிவிட்டு அசையாமல் உட்கார்ந்திருந்தாள். உங்கள் பிடிவாதம் அப்படியே இருக்கிறது. மாவு மில் பெல்ட்டும் எண்ணெய் டின்னுமாக நான் பின்னால் ஜீப்பில் போனேன். ஒட்டன்சத்திரம் தாண்டியதும் அவள் என் கண்ணுக்கே தெரியவில்லை. நான் நெய்க்காரப்பட்டி போய்ச் சேர்ந்தபோது மணமக்கள் பாலும் பழமும் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். சம்பந்தி டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தெருப் பிள்ளைகளுக்கு வண்டியைப் பற்றி விளக்கிக்கொண்டிருந்தார். "இதுக்குத் தண்ணியே வேண்டாமுங்க கண்ணு" என்றார்.

கயல் போன ஊரில் அதை நிறுத்த இடமில்லை. திரும்பவும் என் ஷெட்டுக்கே வந்துவிட்டது. கோவையிலிருந்து ஒருவர் விலைக்குக் கேட்டு ஆள் அனுப்பினார். கயல் கேட்ட காரியம் முடிந்துவிட்டது, இனிமேல் எனக்கு எதற்கு இந்தத் தொல்லை என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன். தொலைத்துவிடு என்பாள் என்று நினைத்தேன். "அதுக்குள்ள என்ன அவசரம்? இருக்கட்டும்டா" என்றாள். ஏன் என்று கேட்டேன். முறத்தை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குள் போய்விட்டாள்.

போன ஞாயிற்றுக்கிழமை கடையைச் சாத்திவிட்டு வந்தால் ஷெட்டுக்குள் பேச்சுக் குரல் கேட்டது. யார் என்று பார்க்கப் போனவன் வெளியிலேயே நின்றுவிட்டேன். அக்கா அந்த வண்டிக்கு முன்னால் நின்றுகொண்டு பேசிக்கொண்டிருந்தாள். உங்களை அவள் நீ என்று சொல்லி நான் கேட்டதே கிடையாது.

"பொண்ணு கழுத்துல தாலி ஏறுறதக்கூடப் பாக்காம அப்படி என்னய்யா அவசரம் ஒனக்கு? ஊரான் எவன் கேட்டாலும் இல்லைன்னு சொல்ல மாட்டியே. எமன் வந்து வான்னு கேட்டா, அவங்கிட்டயுமா?"

கண்ணாடியில் நான் பார்த்த உதட்டசைவு என்ன பேச்சு என்று அப்போது தெரிந்தது. உள்ளே போகவில்லை. முடிக்கட்டும் என்று வேப்பமரத்தடியில் நின்றேன். அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது.

கோவைக்காரருக்கு இல்லை என்று சொல்லி அனுப்பிவிட்டேன். வண்டிச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. ஷெட்டை இப்போதெல்லாம் நான் பூட்டுவதில்லை.